வீட்டிலேயே கார் வேலைக்கு ஒரு வெல்டிங் மிஷின்

பழைய மாருதி 800 போன்ற காரின் துருப்பிடித்த அடித்தகட்டை வீட்டிலேயே சரிசெய்ய நினைப்பவர்கள், விலை குறைவு என்பதற்காக மட்டும் ராடு போடும் ஆர்க் மிஷினை வாங்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிராக்கெட், ஸ்டாண்டு போன்ற தடித்த இரும்புக்கு அது நன்றாகவே உழைக்கும். ஆனால் ஒரு மில்லிமீட்டரைக்கூடப் பெரும்பாலும் எட்டாத பாடித் தகட்டில் ராடு பட்டதும், தகடு சிவந்து உருகி ஓட்டை விழுந்துவிடும்.

அந்த வேலைக்கு உரியது, 0.8 மி.மீ. கம்பியும் சிங்கிள் ஃபேஸ் மின்சாரமும் போதுமான, சுருளிலிருந்து கம்பி தானாக வந்து உருகும் சிறிய மிக் (MIG) வெல்டிங் மிஷின். உருகும் இடத்தைக் காற்றிலிருந்து காக்கும் கேஸ் இல்லாமல், அந்த வேலையைச் செய்யும் பொடி உள்ளே நிரப்பிய ஃபிளக்ஸ் கம்பியில் ஓடும் மலிவான மாடல்களில் சிலிண்டர் செலவு மிச்சம் என்றாலும் பொறி அதிகம் தெறிக்கும். எனவே பின்னாளில் ஆர்கான் கலவை கேஸ் சிலிண்டரை இணைக்க வழியுள்ள மிஷினையே நான் பரிந்துரைப்பேன்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 200 ஆம்பியரில் மயங்காமல், எவ்வளவு கீழே இறங்கும் என்று கேளுங்கள். 40 ஆம்பியர் அளவுக்காவது இறங்கி நிலையாக எரியாத மிஷின் பாடி வேலைக்கு உதவாது. வெல்டிங் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி தானாகக் கருமையாகும் ஹெல்மெட்டுக்கும் கட்டாயம் பணம் ஒதுக்குங்கள். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.