குடியேற்ற வரலாற்றுத் தாள்: பிரெஞ்சு-கனடியர் கேள்விக்கு ஒரே ஊர் போதும்

ரிசல்ட் வந்தாச்சு. நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள்) பகுதிதான், அதிலும் கனடாவின் கியூபெக்கிலிருந்து அங்குள்ள ஆலைகளுக்கு வந்த பிரெஞ்சு மொழிக் கத்தோலிக்கர் பற்றிய கேள்விதான், கை கொடுத்தது. தாளின் அமைப்பு எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

லோவல், ஃபால் ரிவர், மான்செஸ்டர், லூயிஸ்டன் என்று அங்குள்ள ஆலை ஊர்களை அடுக்கி ஆளுக்கு அரை வரி எழுதினால் மார்க் விழாது. ரோட் ஐலண்டில் பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரையிலுள்ள வூன்சாக்கெட்டை மட்டும் ஆழமாகப் படியுங்கள். நெசவாலை, பங்குக் கோயில் (பங்கு என்பது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்க வட்டாரம்), பள்ளி, பரஸ்பர உதவிச் சங்கம், பத்திரிகை, சண்டை, தொழிற்சங்கம் எல்லாமே அந்த ஒரு ஊரில் இருக்கின்றன. எந்தக் கேள்வி வந்தாலும் அங்கிருந்தே தொடங்கலாம். பரந்து படிப்பவர்களுக்கு இது பிடிக்காது. எனக்கு மேலோட்டமான பட்டியல் பிடிக்காது.

காரணங்களை நீட்ட வேண்டாம். 1840 முதல் 1930 வரை சுமார் 9 லட்சம் பேர் கியூபெக்கை விட்டுப் போனார்கள். செயின்ட் லாரன்ஸ் கரையின் குறுகிய நீள நிலங்களில் பிரிக்க இனி இடமில்லை, பிள்ளைகளோ அதிகம், கடனும் சேர்ந்துகொண்டது. ஆனால் வறுமையோடு நிறுத்திவிடாதீர்கள், ரயிலை எழுதுங்கள். கனடாவின் மான்ட்ரியலை அமெரிக்காவின் மெய்ன் மாநிலப் போர்ட்லண்டோடு இணைத்த பாதை 1853-இல் முடிந்தது. கடல் கடந்து வந்தவர்களைப் போல இவர்கள் ஊரோடு உறவை அறுத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பாதிரியார், பத்திரிகை, மாமன் மச்சான் எல்லோரும் போய் வந்துகொண்டே இருந்தார்கள். மொழி இத்தனை தலைமுறை தாங்கியதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

ஆவணக் கேள்வியில் 1881 மாசசூசெட்ஸ் தொழிலாளர் புள்ளிவிவர அறிக்கை வந்தால், இவர்களைக் 'கிழக்கு மாநிலங்களின் சீனர்கள்' என்ற வசவைப் பார்த்ததும் இனவெறி என்று எழுதி முடித்துவிடாதீர்கள். அந்தப் பத்தியின் உண்மையான புகார், இவர்கள் சம்பாதித்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள், 10 மணி நேர வேலைச் சட்டத்துக்குத் தடையானவர்கள் என்பது. அதே ஆண்டு சமூகப் பிரதிநிதிகள் விசாரணைக்கு வந்து மறுத்தார்கள், அடுத்த அறிக்கையின் தொனி தணிந்தது. புகார், மறுப்பு, மாற்றம் மூன்றையும் இந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

இனி, மார்க் குவியும் இடம்: சென்டினெல் விவகாரம் (1924–1929). இதை பிரெஞ்சுக்காரர்களுக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் நடந்த சண்டையாக எழுதினால் விடை அங்கேயே படுத்துவிடும். இது கத்தோலிக்கர்களுக்குள் நடந்தது, கேள்வி பணம் யாருடையது என்பது.

– பங்கு மக்கள் தங்கள் காசில் கோயிலும் பிரெஞ்சுப் பள்ளியும் கட்டியிருந்தார்கள்.
– அயர்லாந்து வழி ஆயர் வில்லியம் ஹிக்கி, மறைமாவட்ட உயர்நிலைப் பள்ளிகள் போன்ற பொதுத் திட்டங்களுக்குப் பங்குகளிடம் நிதி கேட்டார்.
– வழக்கறிஞர் எல்ஃபேஜ் தேன்யோ 'லா சென்டினெல்' பத்திரிகையைத் தொடங்கி எதிர்த்தார். கோயில் இருக்கை வாடகையைக் கொடுக்க மறுக்கும் போராட்டமும் நடந்தது.
– வழக்கு அரசு நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றது. 1928-இல் வழக்கில் கையெழுத்திட்டவர்களை ரோம் சபைநீக்கம் செய்தது.
– 1929-இல் பணிந்தார்கள்.

எல்லோரும் விடுகிற பாதி இது: சமூகமே இரண்டாகப் பிளந்தது. வூன்சாக்கெட்டில் 1900-இல் உருவான யூனியன் சேன்-ஜான்-பாப்டிஸ்ட் என்ற பரஸ்பர உதவிச் சங்கத்தின் தலைமை தேன்யோவை எதிர்த்தது. 1896-இல் தொடங்கிய இன்னொரு உதவிச் சங்கமான கனாடோ-அமெரிக்கன் சங்கமோ அவரை ஆதரித்தது, அவரே அதன் தலைவர். அடையாளம் என்பது ஒரே குரலில் பேசவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம்.

குழப்பிக்கொள்ளக் கூடாதவை:

அக்கேடியர்கள் (கனடாவின் கிழக்குக் கடலோரத்துப் பிரெஞ்சுக்காரர்கள்) வேறு. 1755-இல் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர்கள், லூசியானா கேஜன்கள் அந்த வழி. ஆலைக்கு வந்தவர்களோடு சேர்த்தால் காரணகாரியம் தலைகீழாகும்.

மெய்ன்–நியூ பிரன்சுவிக் எல்லையிலுள்ள மடவாஸ்கா இன்னொரு பொறி. 1842-இன் அமெரிக்க–பிரிட்டிஷ் ஒப்பந்தம் ஒரே சமூகத்தின் நடுவே எல்லையைப் போட்டது. அங்கே ஆட்கள் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது.

1908-இல் மான்செஸ்டரில் கியூபெக்கின் கூட்டுறவுக் கடன் முன்னோடி அல்போன்ஸ் தெஜார்தேன் உதவியோடு தொடங்கிய கடன் சங்கம் (உறுப்பினர்களே சேமித்துக் கடன் கொடுத்துக்கொள்ளும் கூட்டுறவு), அமெரிக்காவின் முதல் கடன் சங்கம். இதைப் பொருளாதாரக் கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள், பண்பாட்டுக் கேள்வியில் வீணாக்க வேண்டாம்.

சரிவுக்கு இரண்டு வரி: 1930-க்குப் பின் எல்லையில் கெடுபிடி, புதிய ஆட்கள் வரத்து நின்றது, ஆலைகள் மூடின, மான்செஸ்டரின் பெரிய நெசவாலையான அமோஸ்கெக் 1935-இல். வூன்சாக்கெட்டில் 1931-இல் பிறந்த சுயேச்சை நெசவுத் தொழிற்சங்கத்தை இங்கே சேர்த்தால், பங்குக் கோயில் வகித்த இடத்தில் ஒரு பகுதியைச் சங்கம் எடுத்துக்கொண்டது என்று வாதிடலாம்.

எழுத்தாளர் ஜாக் கெரூவாக் 1922-இல் லோவலில் பிறந்தார், வீட்டு மொழி பிரெஞ்சு. அவருக்கு அந்த ஒரு வரி போதும். அதற்கு மேல் எழுதினால் இலக்கியத் தாள் ஆகிவிடும்.