ஐந்து மணி லொறி

எங்கள் வீட்டில் அலாரம் வைக்கிற பழக்கம் இல்லை. விடிய ஐந்து மணிக்கு முதல் லொறி ஓட்டோபானில், அதாவது நெடுஞ்சாலையில், ஏறும். "இஞ்சருங்கோ, லொறி வெளிக்கிட்டுட்டுது, எழும்புங்கோ" என்று மனிசி முதுகில் தட்டுவா. சுவிசில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரைக்கும் பாரவூர்தி ஓடக்கூடாது. ஞாயிறு முழுக்கவும் கூடாது. ஆகவே திங்கள் விடிய ஐந்து மணி என்பது எங்கள் பள்ளத்தாக்கில் குதிரைப் பந்தயம் தொடங்குகிற மாதிரி.

நாங்கள் இருப்பது ஊரி மாநிலத்தில், எர்ஸ்ட்ஃபெல்டில். (ஊரி என்றாலே எனக்கு வல்வெட்டித்துறை ஊரிக்காடுதான் ஞாபகம் வரும். இங்கே கடலும் இல்லை, ஊரிச் சிப்பியும் இல்லை, மலைதான்.) ஒடுங்கின பள்ளத்தாக்கு. ஆறு, ரயில்பாதை, ஓட்டோபான் மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஜெர்மனியிலிருந்து அல்ப்ஸ் மலையின் கோதார்ட் கணவாய்ப் பக்கத்தால் இத்தாலிக்குப் போகிற சாமான் எல்லாம் எங்கள் குசினி யன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

2001 ஒக்டோபர் 24. கோதார்ட் வீதிச் சுரங்கத்துக்குள் இரண்டு லொறிகள் மோதித் தீப்பிடித்தன. ஒன்றில் ரயர் ஏற்றியிருந்தது. 11 பேர் செத்துப்போனார்கள். 17 கிலோமீற்றர் சுரங்கம் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. அந்த நாட்களில் ஒரு மத்தியானம் மனிசி யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டா: "இவ்வளவு காலமும் இஞ்ச ஒரு ஆறு ஓடினதே?"

சாமானை ரயிலுக்கு மாற்ற வேண்டும் என்ற யோசனை அதற்கு முதலே வந்துவிட்டது. 1992இல் புதிய ரயில் சுரங்கங்களுக்குச் சனம் வாக்களித்து ஓம் சொன்னது. 1994இல் இன்னொரு வாக்கெடுப்பு: அல்ப்ஸ் மலையைக் கடந்துபோகிற சரக்கு ரயிலில்தான் போக வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். நாடு முழுக்க 51.9 வீதம்தான், மயிரிழையில் வென்றது. எங்கள் மாநிலத்தில் மட்டும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஓம் போட்டார்கள். யார் வீட்டு யன்னல் அதிருதோ அவருக்குத்தானே தெரியும்.

2016 ஜூனில், மலையின் அடியால் போகிற கோதார்ட் அடிவார ரயில் சுரங்கத்தைத் திறந்தார்கள். 57 கிலோமீற்றர். வடக்கு வாசல் எங்கள் ஊரில். கீழ் வீட்டுக் கிழவர் ஓய்வுபெற்ற ரயில் சாரதி. 1882இல் திறந்த பழைய பாதை 1,151 மீற்றர் உயரத்துக்கு வளைந்து வளைந்து ஏறும். பாரமான ரயில் என்றால் எர்ஸ்ட்ஃபெல்டில் நிறுத்தி மேலதிக எஞ்சின் பூட்டுவார்கள். கிழவரின் சீவியமே அந்தப் பூட்டிலும் கழற்றலிலும் போனதுதான். புதுச் சுரங்கத்தின் ஆக உயர்ந்த இடமே 549 மீற்றர். ஏற்றம் இல்லாததால் எர்ஸ்ட்ஃபெல்டில் நிற்கிற தேவையும் இல்லை. "ரயில் நல்லாத்தான் ஓடுது, எங்கட ஊர்தான் நிண்டுபோச்சு" என்ற கருத்தில் டொச்சில் (ஜெர்மன் மொழியில்) ஏதோ சொல்லுவார்.

சரி, லொறி குறைந்ததா? 2000ஆம் ஆண்டில் சுவிஸ் அல்ப்ஸைக் கடந்தவை 14 லட்சம். இப்ப வருசத்துக்கு 9 லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. சட்டம் சொன்ன கணக்கு 6 லட்சத்து 50 ஆயிரம். சுரங்கம் திறந்து இரண்டு வருசத்துக்குள் அங்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: குறைவின் பெரும்பகுதி சுரங்கம் திறக்க முதலே நடந்துவிட்டது. 2001இல் பாரவூர்தி வரி வந்தது. எடை, ஓடின தூரம், கக்குகிற புகை மூன்றையும் பார்த்துக் காசு பிடுங்குவார்கள். அந்தக் காசில் ஒரு பங்குதான் சுரங்கமும் கட்டியது. அதோடு 28 தொன்னாக இருந்த எடை வரம்பு 2005இல் 40 தொன்னுக்கு ஏறியதால் அதே சாமானுக்குக் குறைய லொறி போதும். தண்டவாளம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் லொறிக்காரர் தானாக வந்து ஏற்றுவார் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ரயில் மலிவாக இருக்க வேண்டும், அல்லது வீதி விலையாக இருக்க வேண்டும். சுவிஸ்காரன் இரண்டாவதில் கெட்டிக்காரன்.

பாதையோ பக்கத்து நாட்டிலும் இருக்க வேண்டும். உயரமான ட்ரெய்லர்களை ஏற்றிய ரயில் போவதற்கு இத்தாலிக்குள் இருக்கிற பாதையைக்கூடச் சுவிஸ் தன் காசைக் கொடுத்துத் திருத்துவித்தது. வடக்கே ஜெர்மனியின் றைன் பள்ளத்தாக்குப் பாதையை நாலு தண்டவாளமாக்குவதாக 1996இல் ஒப்பந்தம். முடிய 2040கள் ஆகும் என்கிறார்கள். 2017இல் அங்கே ரஸ்ற்றாட்டில் சுரங்க வேலையின்போது நிலம் இறங்கி ஏழு கிழமைக்குப் பாதை பூட்டு. எங்கள் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2023 ஓகஸ்ட் 10, ஒரு சரக்கு வண்டியின் சில்லு உடைந்து, அடிவாரச் சுரங்கத்துக்குள்ளேயே தடம் புரண்டது. 7 கிலோமீற்றர் பாதை நாசம். முழுசாகத் திறக்க 2024 செப்டெம்பர் ஆனது. அதுவரை பெரும்பாலான பயணிகள் ரயில் பழைய மலைப்பாதையால் சுற்றிப் போயின. கிழவர் அந்த ஒரு வருசமும் நல்ல சந்தோசமாக இருந்தார்.

சுரங்கத்திலிருந்து அள்ளியது 2 கோடி 80 லட்சம் தொன் கல். அதில் கொஞ்சத்தைக் கொண்டுவந்து, ஆறு ஏரியில் விழுகிற இடத்தில் குட்டித் தீவுகள் போட்டார்கள். சில பறவைகளுக்கு, சில குளிக்கிறவர்களுக்கு. கோடையில் கோழிக்காலும் கொத்துரொட்டியும் கட்டிக்கொண்டு அங்கேதான் போவோம். மகன் சின்னனாக இருந்தபோது அங்கிருந்து ஒரு சாம்பல் கல்லைத் தூக்கிவந்தான், தேங்காய்ப் பாதி அளவு. "அப்பா, இது மலைக்குள்ள இருந்தது."

அந்தக் கல்தான் இப்பவும் குசினி யன்னல் சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது. இரவு பத்து மணிக்கு வைப்பேன். ஐந்து மணிக்கு எடுத்துவிடுவேன்.