சைபர் வாங்கிய பட்டியல்

'எனக்குப் பிடித்த படங்கள்' என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் பள்ளியின் பழைய மாணவர் மலர்க்குழு கேட்டது. தமிழ் சேர் காலமான செய்தியும் அதே கிழமைதான் வந்தது. அதனால் படங்களைப் பற்றி மட்டும் எழுத முடியவில்லை. என் பட்டியலுக்கு முதன்முதலில் புள்ளி போட்டவர் அவர்தான். புள்ளி: சைபர்.

சேரின் இரட்டைப் பாடவேளை எப்படியிருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வரலாற்றுக் கொப்பியின் பின்பக்கத்தில் பார்த்த படங்களை வரிசைப்படுத்தி எழுதுவது என் பழக்கம். முதலிடத்தில் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்', மனைவியை வதைக்கிற ஒருவனின் கதை. கொப்பி அகப்பட்டுவிட்டது. முன்னுக்கு வரச்சொல்லி உரக்க வாசிக்க வைத்தார். ஒவ்வொரு பெயருக்கும் வகுப்பு சிரித்தது, சேர் தடுக்கவில்லை.

"இதை ஏன் முதலாவதாப் போட்டனி?"

"நல்ல படம், சேர்."

"அது எனக்கும் தெரியும். கடைசியில ஊரே சேர்ந்து அவனை ஆத்துக்குள்ள இறக்குது. நீ ஊரோட நிண்டியா, அவனோட நிண்டியா?"

வாய் திறக்கவில்லை நான். சிவப்புப் பேனையால் பட்டியலின் குறுக்கே பெரிய வட்டம் ஒன்று போட்டார். அழுத்திய அழுத்தில் கடதாசி கிழிந்து, அடுத்த பக்கத்திலும் சிவப்பு ஊறியிருந்தது. அன்றிலிருந்து என் பெயர் சைபர். விடுதியில் விளக்கணைத்த பிறகு படக்கதை கேட்க வருகிறவர்களும் "சைபர், சொல்லடா" என்றுதான் தொடங்குவார்கள்.

"சேர்தான் உன்னை ரசிகனாக்கினார்" என்று ஒன்றுகூடல்களில் சொல்கிறார்கள். அந்தப் பெருமையை அவ்வளவு லேசில் அவருக்குக் கொடுக்க மாட்டேன். வகுப்பைச் சிரிக்க வைக்க அவருக்கு அன்று ஒருவன் தேவைப்பட்டான், நான் அகப்பட்டேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு விமானம் ஏறிவிட்டது.

இங்கே வந்த பிறகுதான் டி சிக்காவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' பார்த்தேன். 1948இல் வந்த இத்தாலியப் படம். நாயகனாக நடித்தவர் நடிகரே இல்லை, ஆலைத் தொழிலாளி. சைக்கிளைப் பறிகொடுத்தவன் கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடப்போய்ப் பிடிபடுகிறான். கூட்டம் அடிக்கிறது, மகன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சைக்கிளின் சொந்தக்காரன் மன்னித்து விட்டுவிடுகிறான். அப்புறம் பையன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். அப்பா பட்ட அவமானத்தைக் கூடவே நின்று பார்த்தவன் பிடிக்கிற கை அது. சும்மா அழவைக்கிற காட்சி என்று இதைத் தள்ளுகிறவர்களோடு நான் வாதாடுவதில்லை.

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) பட்டியலில் இருப்பதற்குக் காரணம் வேறு. வீணை வித்துவான் ஒருவர் பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் எடுத்தார் என்ற துணிச்சல் ஒன்றே எனக்குப் போதும்.

மறுபடி 'உதிரிப்பூக்கள்'. ஊர் ஒன்றுசேர்ந்து தண்டிக்க வரும்போது, இவ்வளவு காலமும் நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல மாற்றிவிட்டேனே, அதுதான் நான் செய்த பெரிய தவறு என்கிற பொருளில் அவன் பேசுகிறான். படம் முழுக்க வெறுத்தவனிடமிருந்து அந்த வார்த்தை வந்தவுடன், கரையில் நிற்கிறவர்கள் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை. இந்தப் பதில் பிடிபட எனக்கு நரை விழ வேண்டியிருந்தது. சோதனைக்கு முதலே புறப்பட்டுப் போனவனுக்கு விடை பிந்தித்தானே வரும்!

இப்போது எந்தப் படமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இரவில் தனியே பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு இவை மெதுவாக ஓடும் படங்கள். பார்த்து முடித்தபின் சண்டை பிடிக்க ஆளில்லை. சிரிக்கவாவது ஒரு வகுப்பு வேண்டியிருக்கிறது. அதைத்தான் விட்டுவிட்டு வந்தேன் என்று புறப்பட்ட அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நின்றிருப்பேனா என்பது வேறு கதை.

ஊரிலேயே இருந்துவிட்ட வகுப்புத் தோழன் ஒருமுறை சேரைப் பார்க்கப் போனபோது தொலைபேசியை அவரிடம் கொடுத்தான். சைபர் கதைக்கிறேன் என்றேன். சிரித்தார். அன்றைய கேள்விக்கு விடையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அது சரி. ஆனா அவன்ர மனுசி உள்ளுக்குள்ள வெந்து செத்தாளே, அதுவரைக்கும் உந்த ஊர் என்ன செய்துகொண்டிருந்தது? அதை நீ யோசிக்கேல்ல."

இதற்கும் என்னிடம் விடை இருக்கவில்லை. எப்ப வாறாய் என்று கேட்டார். அடுத்த வருசம் கட்டாயம், சேர் என்றேன். யார் கேட்டாலும் நான் சொல்லுகிற பதில் அதுதான்.