சித்தப்பாவின் 143 பதிவுகள்

2025 ஜூலை 6, ஞாயிறு

ஆய்வேட்டுத் தலைப்பை வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டேன்: "இணையத்தில் தமிழ் எழுத்து: வலைப்பதிவு முதல் சமூக ஊடகம் வரை." நெறியாளர் அம்மா வாசித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "மூலங்கள் எங்கே இருக்கின்றன?"

இணையத்தில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. பத்து நாளைக்கு முன்பு முகநூலில் ஒரு பதிவு வாசித்தேன். செங்கல் சூளையில் வேலை பார்த்த தன் தகப்பனாரைப் பற்றி யாரோ ஒருவர் எழுதியிருந்தார். மழை தூறினால் அவர் எழுந்தோடிப் பச்சைக் கல்லைத் தார்ப்பாயால் மூடுவாராம், பிள்ளைகள் நனைவதை அப்புறம்தான் கவனிப்பாராம். பஸ்ஸில் நின்றபடி வாசித்தேன். கண் கலங்கிவிட்டது. அதைத்தான் முதல் சான்றாக வைக்க வேண்டும் என்று நேற்று இரண்டு மணி நேரம் தேடினேன். எழுதியவர் பெயர் நினைவில் இல்லை. யார் பகிர்ந்தார்கள் என்பதும் தெரியவில்லை. கிடைக்கவேயில்லை.

அழிக்கப்பட்டிருக்காது, எங்கோ இருக்கும். ஆனால் என்னால் அதனிடம் போய்ச் சேர முடியாது. இந்த வேறுபாட்டை நேற்றுவரை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

ஜூலை 9, புதன்

நாள் முழுவதும் நூலகம். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வலையேற்றினார்கள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. தமிழ் வலைப்பதிவுகள் முளைத்ததும் அந்த ஆண்டில்தான். 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கியபோது, திசைக்கொருவராகக் கிடந்த பதிவர்கள் ஒரே முற்றத்தில் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

அதற்கு முன்னால் பட்ட பாடு என்னை அசைத்துவிட்டது. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்தைக் கணினியில் எண்ணாக்கும் குறியேற்றமும் ஆளுக்கொன்று. ஒருவர் எழுதியது இன்னொருவர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதிராம்பட்டினத்து உமர்தம்பி எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோடு) தேனீ என்ற எழுத்துருவை உருவாக்கிக் காசு வாங்காமல் கொடுத்தார். பழைய குறியேற்றங்களில் இருந்ததை ஒருங்குறிக்கு மாற்ற, சுரதாவின் பொங்குதமிழ் என்ற கருவி இருந்தது. எழுதுவதற்கு முன்னால் எழுத்தையே திரைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது அவர்களுக்கு. பதிவர், பின்னூட்டம், திரட்டி, கீச்சு (ட்வீட்) என்று சொற்களும் அந்த உழைப்போடு சேர்ந்தே பிறந்தன. நான் கைப்பேசி வாங்கிய அன்றே தமிழ் உள்ளே இருந்தது. அது யாரோ போட்ட சாலை என்பதுகூட எனக்குத் தெரியாது.

ஜூலை 13, ஞாயிறு

மேலூரில் சித்தப்பா வீடு. அவர் 2005 முதல் 2012 வரை சார்ஜாவில் வேலை பார்த்தவர். அங்கே இருந்தபோது வலைப்பதிவு எழுதினார் என்று அப்பா போகிறபோக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போனேன். முதலில் பிடி கொடுக்கவில்லை. "அதெல்லாம் பழைய கதை பாப்பா" என்றார். சித்திதான் பழைய மடிக்கணினியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

முகவரி அவருக்கு மனப்பாடமாக இருந்தது. தட்டியதும் திறந்துவிட்டது! 2006 முதல் 2011 வரை 143 பதிவுகள். மாதவாரியாக, ஆண்டுவாரியாக, அவர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தன. படங்கள் மட்டும் பாதி இல்லை. அவற்றைச் சேமித்து வைத்திருந்த இலவசத் தளம் கையை விரித்துவிட்டதால் வெற்றுச் சட்டங்களாக நிற்கின்றன.

அவர் தட்டச்சு செய்வதை இன்றுதான் பார்த்தேன். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். "அம்மா என்று அடி" என்றார். நான் வழக்கம்போல ஏ, எம், எம் என்று ஆங்கில எழுத்துகளைத் தேடினேன். அவர் என் விரலைப் பிடித்து அ, ம, ம, ஆ என்று வைத்தார். இரண்டாவது ம விழுந்ததும் முதல் ம-வின் தலையில் புள்ளி தானாக வந்து உட்கார்ந்தது. 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ போதும். ந-வுக்குப் பின்னால் த வந்தால் இடையில் புள்ளி வேண்டும் என்பது அந்த விசைப்பலகைக்கே தெரியும். மொழியின் இலக்கணத்தை விரலடியில் வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் என் தாய்மொழியை இன்னொரு மொழியின் எழுத்து வழியாகச் சுற்றிப் போய்த் தொட்டுக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது. இன்றிலிருந்து பழகுகிறேன். இந்தக் குறிப்பே அப்படித்தான் அடிக்கிறேன், ஒரு பத்திக்கு அரை மணி நேரம் ஆகிறது.

ஜூலை 19, சனி

88ஆவது பதிவு. 2008 நவம்பர். அப்பத்தா இறந்த செய்தி வந்த இரவு, விடுப்புக் கிடைக்காமல் அறையில் உட்கார்ந்து எழுதியது.

அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எந்தக் கடிதம் எந்த மகனுடையது என்று தபால்தலையின் நிறத்தை வைத்தே சொல்லிவிடுமாம். கடிதத்தை வாசித்துக்காட்ட வாத்தியார் வரும்வரை உறையைப் பிரிக்காமல் அரிசிப் பானையில் செருகி வைக்குமாம். "என் எழுத்தில் அரிசி மணக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்" என்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை. அப்பாவுக்கே தெரியவில்லை. அந்தப் பதிவு இல்லையென்றால் என் அப்பத்தா எனக்குச் சுவரில் தொங்கும் படம் மட்டும்தான்.

கீழே 41 பேர் மறுமொழி எழுதியிருக்கிறார்கள். டொராண்டோவிலிருந்து ஒருவர், வவுனியாவில் தன் தாய் இறந்தபோது போரினால் போக முடியாமல் நின்றதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அதற்குச் சித்தப்பாவின் பதில், அதற்கு அவருடைய பதில். நான்கு நாட்கள் பேசியிருக்கிறார்கள். யாருக்கும் அவசரம் இல்லை.

ஏன் நிறுத்தினீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். முகநூலில் எழுதினால் உடனே நூறு பேர் பார்த்தார்கள், இங்கே வருவதற்கு ஆள் குறைந்தது என்றார். "மூன்று பக்கம் எழுதியது மூன்று வரியானது. பிறகு மற்றவர்கள் எழுதியதைப் பகிர்வதோடு சரி. யாரும் என்னைத் தடுக்கவில்லை பாப்பா. நானாகத்தான் சுருங்கிப் போனேன்."

அவர் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. வலைப்பதிவைப் படிக்க வாசகர் வாசல் தேடி வர வேண்டும். புதுப் பதிவுகளை ஓரிடத்தில் காட்டி அதற்கு உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலை 1ஆம் தேதியோடு மூடினார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை எண்ணி எண்ணிச் செலவழித்த டேட்டா மலிந்தது. எழுத்துக்கு இருந்த பெரிய பலம், குறைந்த டேட்டாவில் ஓடும் என்பது. அந்தப் பலம் ஒரே ஆண்டில் போனது. காணொளி வந்து அமர்ந்தது.

ஜூலை 22, செவ்வாய்

சமூக ஊடகத்தைத் திட்டி ஓர் அத்தியாயம் எழுதி, இன்று அதை எடுத்துவிட்டேன். நியாயமாக இல்லை.

2015 டிசம்பர் 1 இரவு அடையாற்றில் வெள்ளம் வந்தபோது பெரியம்மா சைதாப்பேட்டையில் இருந்தார். எனக்குப் பதினோரு வயது. அக்கா கைப்பேசியில் தெருப் பெயரையும் மாடி எண்ணையும் எழுதிப் போட, முன்பின் தெரியாத யாரோ எடுத்துப் பகிர, மறுநாள் மாலை படகு போனது. 1878 முதல் வரும் இந்து நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்கள் அச்சகம் போய்ச் சேர முடியவில்லை. அச்சும் நின்ற நாளில் ஊரே எழுத்தாளராகிச் சாப்பாடு எங்கே, படகு எங்கே என்று எழுதிக்கொண்டிருந்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்காக மதுரை தமுக்கம் மைதானத்துக்கு அக்கா போனதும் வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு வரியை நம்பித்தான்.

அந்த எழுத்து அன்றைக்கானது. நிலைக்க வேண்டும் என்று அதனிடம் கேட்பது தவறு. என் மனக்குறை வேறு: 88ஆவது பதிவைப் போன்ற எழுத்தையும் நாம் அதே ஓட்டத்தில்தான் விடுகிறோம். படகு கேட்கும் வரியும் அப்பத்தாவின் அரிசிப் பானையும் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டு போகின்றன.

கீச்சு பற்றி ஒரு சிறு கணக்கு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து. 2017 வரை ட்விட்டரின் 140 குறி வரம்புக்குள் எழுதியவர்கள் இந்த ஐந்தைக் கொடுத்துத்தான் எழுதினார்கள். அந்த நெருக்கடிக்குள்ளும் வெண்பா எழுதியவர்கள் உண்டு.

ஜூலை 27, ஞாயிறு

மூடப்பட்டு நாம் இழந்த தளங்களைப் பட்டியல் போட உட்கார்ந்தேன். 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ். 2014 செப்டம்பரில் ஆர்குட். 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ். 2020 டிசம்பரில் யாஹூ குழுமங்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுமங்கள் அங்கேதான் பேசிக்கொண்டிருந்தன.

எழுதி முடித்துக் கீழே போனால், எதிர்வீட்டு அக்கா திண்ணையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். அவரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் அம்மாவிடம் கற்ற நடவுப் பாட்டுகளை டிக்டாக்கில் பாடிப் போட்டுக்கொண்டிருந்தார். தெருவே பார்த்தது. 2020 ஜூன் 29 இரவு 59 செயலிகளுக்குத் தடை வந்தது. பழைய கைப்பேசியும் பிறகு கெட்டுப்போனது. "எத்தனை பாட்டு அக்கா?" என்றேன். "முப்பது இருக்கும். அம்மா போனபிறகு கேட்டுத் திருத்திக்கொள்ளவும் ஆள் இல்லை" என்றார், நாரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தடை சரியா தவறா என்று பேசப் பலர் இருக்கிறார்கள். அந்த முப்பது பாட்டைப் பற்றிப் பேச யாரும் இல்லை.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதியவர். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று ஊர் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1994 முதல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகம். அவரால் காகிதத்தைத் தெருவில் குனிந்து எடுக்க முடிந்தது. மூடிய செயலிக்குள் யார் குனிவது?

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

சித்தப்பாவின் 143 பதிவுகளையும் மறுமொழிகளோடு சேமித்து முடித்தேன். ஒரு படி என்னிடம், ஒன்று பென் டிரைவில் அப்பாவிடம். 88ஆவது பதிவை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தேன். அப்பா கூடத்தில் நின்றே வாசித்தார், பிறகு அடுக்களைக்குப் போய் அரிசிப் பானைப் பக்கம் சற்று நேரம் நின்றார்.

மாலையில் எதிர்வீட்டு அக்காவின் திண்ணை. கைப்பேசியில் பதிவு செய்துகொண்டே நோட்டில் பாட்டையும் எழுதினேன். மூன்று பாட்டு முடிந்தது. எழுதியதை வாசித்துக்காட்டியபோது பூத்தொடுத்த கை நின்றது. "அந்த இடத்தில் வரப்பு இல்லை, வாய்க்கால். அம்மா வாய்க்கால் என்றுதான் பாடும்" என்றார். அடித்துவிட்டு எழுதினேன். இன்னொரு முறை பாடிச் சரிபார்த்தார். நாளை பூ வாங்க மாட்டுத்தாவணிச் சந்தைக்கு விடிவதற்குள் போக வேண்டுமாம், மற்றவை வியாழக்கிழமை.