நீலச் சிலிண்டரும் ரப்பர் விறகும்

இன்று காலை மார்த்தாண்டத்தில் டீக்கடை வாசலிலேயே புகை கண்ணைக் கரித்தது.

கடைக்கு வாங்கும் 19 கிலோ நீலச் சிலிண்டர் இன்னும் வரவில்லையாம். கடைக்கார அண்ணன் பழைய விறகடுப்பை வெளியே இழுத்துப்போட்டு, ரப்பர் விறகைத் திணித்துப் பழம்பொரி சுட்டுக்கொண்டிருந்தார்.

"பைப்புல கேஸ் வந்தா இந்தப் பாடு உண்டா மக்கா?" என்றார்.

2021-இல் ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் குழாய் திறந்தார்கள். ஆனால் அதில் போவது இயற்கை எரிவாயு; சிலிண்டரில் இருக்கும் எல்பிஜி வேறு, அதில் பாதிக்கு மேல் இறக்குமதி, பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து கப்பலில் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், கச்சா எண்ணெய் விலை ஏறினால் அதிலிருந்து செய்யும் செயற்கை ரப்பர் விலை கூடும், அப்புறம் நம்மூர் ரப்பர் ஷீட்டுக்கும் கொஞ்சம் விலை கிடைக்கும். மாமாவுக்கு அரை ஏக்கர் ரப்பர் உண்டு, கேட்டால் சிரிப்பார். அண்ணன் இருமிக்கொண்டே ஊதுகிறார்.

பழம்பொரியில் லேசாகப் புகை வாசம். சரி, இன்னொன்றும் வாங்கினேன்.