ஏழு ஊர் டிராமுக்கு ஒரே விதி: எழுதும்போது இடறும் இடங்கள்

தெற்கு லண்டன், குராய்டன், சாண்டிலாண்ட்ஸ் வளைவு. 2016 நவம்பர் 9 அதிகாலை. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் எடுக்க வேண்டிய வளைவுக்குள் டிராம் 73 கி.மீ. வேகத்தில் நுழைந்து கவிழ்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த விசாரணை அறிக்கை, பிரிட்டனில் டிராம் ஓடும் ஏழு ஊர்களும் பாதுகாப்பு விஷயத்தில் இன்னும் நெருக்கமாகச் சேர்ந்து இயங்கப் பொது அமைப்பு ஒன்று வேண்டும் என்றது. பிரிட்டனின் இலகு ரயில் (டிராம் போன்றவை) பாதுகாப்பு, தரநிலை வாரியம் அப்படிப் பிறந்ததுதான். சொல்வது எளிது, விதியை எழுத உட்காரும்போதுதான் சங்கடம் தெரியும்.

எந்த ஊரும் இன்னொரு ஊரைப் போல இல்லை. மான்செஸ்டரில் பழைய ரயில் பாதைகளை எடுத்துக்கொண்டதால் நடைமேடை ஏறக்குறைய 90 செ.மீ. உயரம். நாட்டிங்ஹாமில் தாழ்தள வண்டி, நடைமேடை 35 செ.மீ. அளவுதான். பிளாக்பூலில் 1885-லிருந்து டிராம் ஓடுகிறது. ஷெஃபீல்டில் 2018 முதல் டிராம், வழக்கமான ரயில் ஓடும் தண்டவாளத்தில் ஏறி ராதர்ஹாம் வரை போகிறது. ‘நடைமேடை இவ்வளவு உயரம் இருக்க வேண்டும்’ என்று எழுதினால் முதல் கூட்டத்தோடு அந்த விதி முடிந்தது. கதவுக்கும் நடைமேடைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, எவ்வளவு ஏற்ற இறக்கம் விடலாம் என்று எழுதினால் எல்லா ஊரும் அதில் அடங்கும்.

வேகப் பலகை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ‘வளைவுக்கு முன் பலகை வைக்கவும்’ என்பது பார்க்க விதி மாதிரி இருக்கும், விதி அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். சாண்டிலாண்ட்ஸ் வளைவின் ஆரம் சுமார் 30 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டு முடுக்கம் வினாடிக்கு வினாடி 1 மீட்டர். 73-ல் 13-ஐத் தாண்டும். வேகம் மூன்றரை மடங்கு ஏறினால் தள்ளும் விசை 13 மடங்கு ஏறுகிறது. வளைவுக்கு முந்தைய பாதையில் அனுமதித்த 80 கி.மீ.-லிருந்து 20-க்கு இறங்க, வினாடிக்கு வினாடி 1.3 மீட்டர் குறைக்கும் சாதாரண முழு பிரேக்கில் சுமார் 178 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் பார்த்துக் கைவைக்க 2 வினாடி கொடுத்தால் இன்னொரு 44 மீட்டர். இலை ஒட்டிய ஈரத் தண்டவாளத்தில் பிரேக் 0.9-தான் கிடைக்கிறது என்று வைத்தால் மொத்தம் 300 மீட்டர். அன்றைய பலகையோ வளைவின் வாயிலில் இருந்தது. பிரேக் பிடிக்க வேண்டிய இடத்திலிருந்து அதைப் படிக்கவே முடியாது. ஆகவே விதியில் எழுத வேண்டியது பலகை நிற்கும் இடத்தை அல்ல, இரவில், மழையில், டிராமின் சொந்த விளக்கொளியில் அது படிக்கத் தெரியும் தூரத்தை. அந்தத் தூரம் போதவில்லையென்றால் வேகத்தைப் படிப்படியாக இறக்கும் பலகைகள் வேண்டும்.

வேகம் மீறினால் தானே விழும் தானியங்கி பிரேக் கேட்கும்போது நிறையப் பேர் ‘உச்ச பிரேக் விழட்டும்’ என்று எழுதிவிடுகிறார்கள். தண்டவாளத்தைக் கவ்வும் காந்த பிரேக் வரை எல்லாம் சேர்ந்து விழுந்தால் நிற்கும் பயணிகள் சரிந்து விழுவார்கள். ஒரு கவிழ்வைத் தடுக்கப் போய் மாதத்துக்கு நாலு எலும்பு முறிவு வாங்கக்கூடாது. எந்த வேகத்தில் எச்சரிக்கை, எதில் சாதாரண பிரேக், எதில் உச்ச பிரேக் என்று அடுக்கடுக்காகப் பிரித்து எழுத வேண்டும்.

ஓட்டுநர் செயலிழந்தால் வண்டியை நிறுத்தும் ‘டெட்மேன்’ கருவியையும் நம்பி உட்கார முடியாது. கைப்பிடியை அழுத்திப் பிடித்திருந்தால் போதும் என்ற வகை, மயங்கிச் சாய்ந்தவரைக் கண்டுபிடிக்கும். பிடி விடாமல் கண்ணயர்ந்தவரைக் கண்டுபிடிக்காது. குறிப்பிட்ட கருவியின் பெயரை விதியில் எழுதினால் ஐந்து வருடத்தில் பழசாகிவிடும். ‘கவனம் இழந்ததை இத்தனை வினாடிக்குள் உணர வேண்டும்’ என்று எழுதினால் கருவி மாறினாலும் விதி நிற்கும்.

கண்ணாடிக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. சாண்டிலாண்ட்ஸில் கவிழ்ந்த பக்கத்து ஜன்னல்கள் உடைந்து நொறுங்கியதால் பயணிகள் பலர் வெளியே விழுந்தார்கள். உடைந்தாலும் ஜன்னல் சட்டத்தை விட்டு விலகாத அடுக்குக் கண்ணாடி என்பதில் பெரிய தகராறு வராது. பழைய வண்டிகளில் யார் செலவில் மாற்றுவது என்பதில் வரும்.

அதிக நேரம் தின்பது, வெளியே யாருக்கும் தெரியாத ஒரு வேலை: சொற்களுக்குப் பொருள் வைப்பது. அவசர பிரேக் பிடித்ததை ஒரு ஊர் சம்பவமாகப் பதியும். இன்னொரு ஊர் அன்றாட வேலை என்று விட்டுவிடும். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் ஒழுங்காகப் பதியும் ஊர்தான் மோசமான ஊராகத் தெரியும். அதனால் ‘மயிரிழையில் தப்பியது’ என்றால் என்ன, வண்டி ஓடிய கிலோமீட்டருக்கு எத்தனை என்று வகுப்பதா பயணிகளுக்கு எத்தனை என்று வகுப்பதா என்பதையெல்லாம் விதிக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

விதிக்குள் அடங்காத ஊர் எப்போதும் ஒன்று இருக்கும். அதற்கு விலக்குப் படிவம்: எந்தப் பிரிவிலிருந்து விலக்கு, ஏன், அதற்குப் பதிலாக என்ன ஏற்பாடு, யார் ஒப்புக்கொண்டது, எப்போது மறுபடி பார்ப்பது. கடைசிக் கட்டம் காலியாக வந்தால் மற்றவற்றைப் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடலாம்.