3 மீட்டருக்கு மேல் ஆளை ஏற்றும் முன்

சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டின் உயரப் பணி விதிகளின்படி, ஒருவர் 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை தொடங்கும் முன் பெர்மிட் (எழுத்துப்பூர்வ வேலை அனுமதி) பெற்றாக வேண்டும். மேற்பார்வையாளர் விண்ணப்பிக்க, பாதுகாப்பு மதிப்பீட்டாளர் இடத்தைப் பார்த்துச் சரிபார்க்க, அதன் பிறகே பொறுப்பு மேலாளர் அனுமதி வழங்குவார். தளத்தின் விளிம்பில் பலகை அடிக்கும் வேலைக்காக, தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக இருந்த என் குழுவுக்கு நான் விண்ணப்பித்தேன்.

துணை ஒப்பந்ததாரர் தந்த வேலைமுறை அறிக்கையில், அனைவரும் ஹார்னெஸ் (கயிற்றோடு இணைத்து உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டை) அணிவதே முதன்மைப் பாதுகாப்பாகக் குறிக்கப்பட்டிருந்தது. மதிப்பீட்டாளர் அதை மூடி வைத்துவிட்டு, ஹார்னெஸ் கயிற்றின் கொக்கியை எங்கே மாட்டுவார்கள் என்று கேட்டார். தளத்தில் காலடியில் இருந்த வளையத்தைக் காட்டினோம். அங்கிருந்து கீழ்த்தளம் 4.5 மீட்டர். கயிறு 2 மீட்டர், விழும் வேகத்தைத் தாங்கும் பட்டை பிரிந்தால் அதிகபட்சம் இன்னொரு 1.75 மீட்டர், முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஏறத்தாழ 1.5 மீட்டர், அதற்கும் கீழே 1 மீட்டர் இடைவெளி என்று அவர் கூட்டிக் காட்டியபோது 6.25 மீட்டர் வந்தது. ஹார்னெஸ் அணிந்திருந்தாலும், கயிறு இழுத்து நிறுத்துவதற்குள் ஆள் தரையில் மோதியிருப்பார்.

இந்தக் கணக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இடுப்பிலும் தோளிலும் பட்டை இருப்பதாலேயே உயிர் காக்கப்பட்டது என்று நம்புவதைவிட ஆபத்தானது வேறில்லை. விதிகளும் தடுப்புக் கம்பியையே முதலில் கேட்கின்றன.

ஆகவே விளிம்பு முழுவதும் 1 மீட்டருக்குக் குறையாத தடுப்பும், இடைக்கம்பியும், கீழே கால்பலகையும் பொருத்தினோம். கம்பி நிற்க வழியில்லாத மூலையில், விளிம்பையே எட்டவிடாத குறுகிய கயிற்றைக் கட்டினோம். மறு ஆய்வுக்குப் பின் கிடைத்த பெர்மிட்டின் நகலை வேலையிடத்தில் ஒட்டினோம்.

வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சான காலை டூல்பாக்ஸ் கூட்டத்தில் கணக்கைத் தமிழில் விளக்கியபோது, "அண்ணே, பலகையைக் கிரேன்ல இறக்க நடுக்கம்பியைக் கழட்டணுமே?" என்று ஒரு தம்பி கேட்டார். அந்தப் பகுதியில் வேலையை நிறுத்தி, இறக்குபவர் மட்டும் குறுகிய கயிற்றில் நிற்பதென்றும், கம்பி மீண்டும் பொருத்தப்பட்டதை நான் பார்த்த பின்னரே மற்றவர்கள் வருவதென்றும் மதிப்பீட்டாளரோடு பேசி, பெர்மிட்டிலேயே நிபந்தனையாக எழுதிச் சேர்த்தோம்.